பேயே வராத பேய்ப்படத்தில் அப்படி என்ன இருக்கிறது?

கொடைக்கானலில் குடியிருப்பவர்களுக்கு மூடுபனியைக் கண்டால் பயம் வராது. துணி காயாதே என்ற கவலைதான் வரும். பிற்பகலில் பள்ளத்திலிருந்து மேகம் ஏறி வந்து ஏழு ரோடு சந்திப்பை மூடினால் கடைக்காரர்கள் விளக்கைப் போடுகிறார்கள். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் கூவி அழைத்துக்கொண்டே நடக்கிறார்கள். ஸ்வெட்டர் கடையில் கூட்டம் கொஞ்சம் கூடுகிறது. அவ்வளவுதான். அதே மூடுபனியைப் படம் பிடித்துத் திரையில் ஓடவிட்டால், திண்டுக்கல் தியேட்டரில் வேர்வையோடு வந்து உட்கார்ந்தவர் நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொள்கிறார். கொடைக்கானல்காரரும் பிடித்துக்கொள்கிறார் என்பதுதான் வேடிக்கை. பிறந்த நாள் முதல் அந்தப் பனிக்குள்தானே நடந்துகொண்டிருக்கிறார்?

அப்படியானால் பயம் பனியில் இல்லை. வேறு எங்கோ இருக்கிறது. அது எங்கே என்று தெரிந்துகொண்டால் இந்த வகைப் படங்களின் ஈர்ப்பு பாதிக்கு மேல் புரிந்துவிடும்.

இவற்றைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் இரண்டு முனைகளில் நின்றுவிடுகிறது. ஒரு பக்கம், ‘பார்க்க அழகாக இருக்கிறது, ஆனால் கடைசி வரை பேய் வரவில்லை’ என்று டிக்கெட் காசுக்கு வருத்தப்படுகிறவர்கள். இன்னொரு பக்கம், ‘அட்மாஸ்பியர் பிரமாதம்’ என்று சொல்லிவிட்டு மேற்கொண்டு ஒரு வார்த்தை விளக்காத ரசிகர்கள். புதிதாகப் பார்க்க வருகிறவருக்கு இரண்டாலும் பயன் இல்லை. சம்பவங்களைவிட ஒளி, இடம், ஓசை, வேகம் ஆகியவற்றை நம்பி அச்சமூட்டுகிற அமானுஷ்யப் படத்தை இந்தக் கட்டுரையில் ‘சூழல் திகில்’ என்று அழைக்கிறேன். ரத்தம் தெறிக்கும் படங்களும், கொலைகாரன் கத்தியோடு துரத்தும் படங்களும் இந்தக் கணக்கில் வரமாட்டா.

## திடுக்கிடுவது வேறு, கிலி பிடிப்பது வேறு

சமையலறையில் எவர்சில்வர் தட்டு ஒன்று விழுந்தால் கூடத்தில் இருப்பவருக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. கண் மூடுகிறது, தோள் உயர்கிறது, கழுத்து உள்ளே இழுத்துக்கொள்கிறது. யோசித்துச் செய்வதல்ல இது. எதிர்பாராத பேரோசைக்கு உடம்பு தானாகக் காட்டும் எதிர்வினை. பேயை நம்புகிறவர், நம்பாதவர் என்ற பாகுபாடெல்லாம் அதற்குக் கிடையாது. இதைத் திடுக்கம் என்று வைத்துக்கொள்வோம். அமைதியான காட்சியின் நடுவே ஒரு முகத்தைச் சட்டென்று காட்டி, ஸ்பீக்கரில் இடியை இறக்கும் படம் இந்தத் திடுக்கத்தைத்தான் விற்கிறது. மட்டமான தொழில் என்று சொல்லமாட்டேன். ஆனால் தட்டைக் கீழே போடுகிறவருக்கும் அந்த வேலை தெரியும்.

கிலி என்பது இதற்கு நேர்மாறான வழியில் வருகிறது. அது மெதுவாக ஏறும். அதற்கு நேரம் வேண்டும், கற்பனை வேண்டும், ‘ஏதோ சரியில்லை’ என்ற எண்ணம் வேண்டும். என்ன சரியில்லை என்பது மட்டும் தெரிந்துவிடக்கூடாது.

இரண்டும் ஒரே காட்சியில் எப்படி அமைகின்றன என்பதற்கு, திரைப்படப் பாடங்களில் தவறாமல் காட்டப்படும் உதாரணம் ஒன்று உண்டு. 1942ல் வால் லூட்டன் தயாரித்து, ழாக் தூர்னர் இயக்கிய ‘கேட் பீப்பிள்’ என்ற சிறு பட்ஜெட் படம். இரவில் பூங்காச் சுவரை ஒட்டிய நடைபாதையில் ஒரு பெண் நடக்கிறாள். பின்னால் இன்னொருத்தி. இருவரின் குதிகால் செருப்புச் சத்தமும் மாறி மாறிக் கேட்கிறது. தெருவிளக்கின் வெளிச்சத் திட்டுகளை முதல் பெண் ஒவ்வொன்றாகக் கடக்கிறாள். ஒரு கட்டத்தில் பின்னால் வந்த செருப்புச் சத்தம் நின்றுவிடுகிறது. ஆள் திரும்பிப் போய்விட்டாளா, அல்லது சத்தமில்லாத கால்களால் வருகிறாளா? முதல் பெண் வேகம் கூட்டுகிறாள். சீறல் ஒன்று காதைக் கிழிக்கிறது. வந்தது பஸ்; பிரேக் காற்றின் சத்தம்தான் அது. திரையில் எந்த மிருகமும் காட்டப்படவில்லை.

இந்த உத்தியை ‘லூட்டன் பஸ்’ என்றே இன்றும் சொல்கிறார்கள். பின்னால் வந்தவர்களில் பலர் பஸ்ஸை மட்டும் கடன் வாங்கிக்கொண்டார்கள். அதற்கு முன் வரும் அந்த நடையை விட்டுவிட்டார்கள். பஸ் திடுக்கம். நடைதான் கிலி.

இதுவரை சொன்னதன் சாரம்: திடுக்கம் உடம்பின் வேலை, நொடியில் முடிந்துவிடும். கிலி மனத்தின் வேலை, அதற்கு அவகாசம் தேவை. சூழல் திகில் முதலாவதை எப்போதாவது பயன்படுத்தும். பிழைப்பு முழுவதும் இரண்டாவதில்.

## நான்கு வெள்ளைக் கால்கள்

இனி விஷயத்தின் மையத்துக்கு வரலாம். கொடைக்கானல் தெருக்களில் இருட்டிய பிறகு காட்டுமாடு இறங்குவது புதிதல்ல. அதன் உடல் கறுப்பு. முழங்காலுக்குக் கீழே மட்டும் வெளிறிய நிறம், காலுறை போட்டதுபோல. பனி அடர்ந்த இரவில் தெருவிளக்கு தூரத்தில் இருந்தால் உடல் தெரியாது. தரைக்குச் சற்று மேலே நான்கு வெளிறிய கோடுகள் மட்டும் நிற்கும். வேலிக் கம்பா? யாராவது வேட்டியை மடித்துக் கட்டி நிற்கிறார்களா? ஒரு கோடு மெல்ல நகரும். பிறகு மூச்சு விடும் சத்தம் கேட்கும். அப்போதுதான் எல்லாம் சேர்ந்து ஒரு மாடாகும்.

அந்த இடைவெளியைக் கவனியுங்கள். ‘ஏதோ இருக்கிறது’ என்று தெரிந்த நொடிக்கும் ‘இன்னது இருக்கிறது’ என்று தெரிந்த நொடிக்கும் நடுவில் உள்ள இடைவெளி. பயம் முழுவதும் அதற்குள்தான் இருந்தது. மாடு என்று தெரிந்த பிறகு ஆபத்து கூடத்தான் செய்கிறது, ஏனென்றால் காட்டுமாடு முட்டினால் பிழைப்பது அரிது. ஆனாலும் அந்தப் பழைய பயம் போய்விடுகிறது. அதன் இடத்தில் எச்சரிக்கை வந்து உட்கார்ந்துகொள்கிறது: ஓடாதே, டார்ச்சை முகத்தில் அடிக்காதே, பின்வாங்கி வேறு வழியாகப் போ.

சூழல் திகில் செய்வதெல்லாம் அந்த இடைவெளியை நீட்டுவதுதான். நமக்கு ஓரிரு நொடியில் முடிந்துவிடுவதை ஒன்றரை மணி நேரத்துக்கு இழுத்துப் பிடிப்பது. மூடுபனி அதற்கு உதவும் ஒரு கருவி, அதற்கு மேல் ஒன்றுமில்லை. பாதி திறந்த கதவும், புகை படிந்த கண்ணாடியும், நீண்ட தாழ்வாரத்தின் கோடியும் அதே வேலையைச் செய்யும்.

பிரான்சில் வாழ்ந்த இலக்கிய ஆய்வாளர் ட்ஸ்வெட்டான் டோடோரோவ் 1970ல் இதையே இலக்கியத்துக்குச் சொன்னார். நடப்பது இயற்கையா, இயற்கைக்கு அப்பாற்பட்டதா என்று வாசகர் முடிவு கட்ட முடியாமல் தயங்கும் வரையில்தான் அந்த வகைக் கதைக்கு உயிர். முடிவு தெரிந்ததும் அது வேறு வகைக் கதையாக மாறிவிடுகிறது என்பது அவர் வாதம். ‘கடைசி வரை பேய் வரவில்லை’ என்ற குறையைச் சொல்பவர், மாட்டைக் காட்டியிருக்கலாமே என்று கேட்கிறார். கேட்பதில் தவறில்லை. காட்டினால் வேறு படமாகியிருக்கும், அவ்வளவுதான்.

கண்ணின் அமைப்பும் இந்த வேலைக்கு ஒத்துழைக்கிறது. விழித்திரையில் இரண்டு வகை ஒளியுணர் செல்கள் உண்டு. நல்ல வெளிச்சத்தில் நிறத்தையும் நுணுக்கத்தையும் காட்டுபவை கூம்புச் செல்கள்; மங்கலில் உதவுபவை கோல் செல்கள். விழித்திரையின் நட்டநடுவில் கோல் செல்கள் இல்லை. அதனால் இருட்டில் மங்கலாகத் தெரியும் ஒன்றை நேராக உற்றுப் பார்த்தால் அது மறைந்துவிடும். சற்றுத் தள்ளிப் பார்த்தால் மறுபடி தெரியும். மங்கிய நட்சத்திரங்களைப் பார்ப்பவர்கள் இப்படி ஓரக்கண்ணால்தான் பார்க்கிறார்கள். ‘பார்த்தேன், திரும்பினேன், காணோம்’ என்று எத்தனையோ பேய்க் கதைகளில் வரும் வரி உடற்கூற்றுப்படி முழு உண்மை. தேர்ந்த ஒளிப்பதிவாளர் உருவத்தைத் திரையின் நடுவில் வைக்காமல் ஓரத்தில், குவியம் தப்பிய இடத்தில் வைப்பது நம் கண்ணின் இந்தப் பழக்கத்தைத் தெரிந்துதான்.

மூளை தன் பங்குக்குச் சும்மா இருப்பதில்லை. குறைவாகத் தெரிந்தால் மீதியைத் தானே வரைந்துகொள்ளும். அதிலும் முகத்தையும் ஆள் உருவத்தையும் முந்திக்கொண்டு வரையும். கோக்கர்ஸ் வாக் நடைபாதையில் அபூர்வமாக இதற்கு ஓர் இயற்கைக் காட்சியே அமைகிறது. வெயில் முதுகுப் பக்கம் தாழ்ந்து, எதிர்ப் பள்ளத்தில் மேகம் நிரம்பி நின்றால், நம் நிழல் அந்த மேகத்தின்மேல் விழும். தட்டையான சுவரில் விழாமல் மேகத்தின் ஆழத்துக்குள் நீண்டு விழுவதால் அரக்கன்போல் பெரிதாகத் தோன்றும். தலையைச் சுற்றி வண்ண வளையமும் இருக்கும், நீர்த்துளிகள் ஒளியை வந்த திசைக்கே திருப்பி அனுப்புவதால். ஜெர்மனியின் ப்ராக்கன் மலையில் பேர்பெற்றதால் இதற்கு ‘ப்ராக்கன் பூதம்’ என்று பெயர். பக்கத்தில் நிற்பவருக்கு உங்கள் தலையின் வளையம் தெரியாது. அவருக்கு அவர் தலையில் உள்ளதுதான் தெரியும். இந்த விளக்கத்தை மனப்பாடமாகத் தெரிந்தவருக்கும் அதைக் காணும்போது உடல் சிலிர்க்கும். பேயை நம்பாதவர்கள் பேய்ப்படம் பார்த்துப் பயப்படுவது எப்படி என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

## வெள்ளைப் புடவை ஏன்?

வத்தலக்குண்டிலிருந்து மலை ஏறும் ஓட்டுநர் எவரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள். பனிக்குள் ‘ஹை பீம்’ போட்டால் எதிரே வெள்ளைச் சுவர்தான் நிற்கும். நம் விளக்கொளி நீர்த்துளிகளில் பட்டு நம் கண்ணுக்கே திரும்புகிறது. ஆனால் எதிரே ஒரு வண்டி வந்தால், அதன் விளக்குக்கும் நமக்கும் நடுவில் நிற்கும் ஆளும் மரமும் கறுப்பு வடிவங்களாகத் துலங்கும்.

ஒளிப்பதிவின் பாலபாடமும் அதுதான். காட்டப்படும் பொருளுக்குப் பின்னாலிருந்து காமிராவை நோக்கி வரும் ஒளி பின்னொளி. அந்த ஒளியில் முகம் தெரியாமல் வடிவம் மட்டும் தெரிவது நிழலுரு. பனியும் புகையும் பின்னொளியில்தான் ஆழம் பெறும். முன்னாலிருந்து வெளிச்சம் பாய்ச்சிவிட்டுப் புகையை மட்டும் கூட்டிக்கொண்டே போனால், கொசு மருந்து அடித்த தெருபோல இருக்கும். நம் படங்களில் இந்தத் தெருவை நிறையப் பார்த்திருக்கிறோம்.

வெள்ளைப் புடவைக்கும் இதே கணக்கு உண்டு. விதவைக் கோலம், சவத்துணி என்ற சமூகக் காரணங்கள் ஒருபுறம் இருக்கட்டும். கறுப்பு வெள்ளைப் படத்தில், இருண்ட பின்னணியில், பக்கவாட்டிலிருந்து கொஞ்சம் ஒளி பட்டால் வெள்ளைத் துணி தானே ஒளிர்வதுபோல் தோன்றும். முகத்துக்கு வெளிச்சம் இல்லாமலே உருவம் தெரியும். 1966ல் ஜெய்சங்கரும் ஜெயலலிதாவும் நடித்து வந்த ‘யார் நீ?’, தனக்கு மூலமான 1964ஆம் ஆண்டு இந்திப் படத்தைப்போலவே, வெள்ளைப் புடவை உருவத்தை மர்மத்தின் நடுவில் வைத்தது. வண்ணப்படம் வந்த பிறகும் அதே புடவையைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள், அது ஏன் அங்கே இருந்தது என்பதை மறந்துவிட்டார்கள். பச்சை விளக்கு, நீல விளக்கு எல்லாம் போட்டு நனைத்த புடவையில் ஒளிர்வதற்கு என்ன மிச்சம் இருக்கிறது?

பட்டப்பகலில்கூடக் கிலியூட்ட முடியும் என்பதற்கு 1961ல் ஜாக் கிளேட்டன் இயக்கிய ‘தி இன்னசன்ட்ஸ்’ படத்தின் ஏரிக் காட்சியைச் சொல்லவேண்டும். ஆசிரியை ஒருத்தி ஏரிக்கரையில் சிறுமியோடு இருக்கிறாள். எதிர்ப் பக்கம், நாணல்களுக்கு நடுவே, கறுப்பு உடை அணிந்த பெண் ஒருத்தி நிற்கிறாள். அவள் எதுவும் செய்வதில்லை. கை அசைவதில்லை, இசை அலறுவதில்லை. முகம் தெரியாத தூரம். தண்ணீர் நடுவில் இருக்கிறது. ஆள் நிற்க வாய்ப்பில்லாத இடத்தில் ஆள் நிற்கிறாள் என்பது ஒன்றே போதுமானதாகிறது.

அந்தப் படத்தின் ஒளிப்பதிவாளர் ஃபிரெடி ஃபிரான்சிஸ். படம் அகலத் திரையில் வரவேண்டும் என்பது ஸ்டுடியோவின் கட்டளை. அவ்வளவு அகலத்தில் நெருக்கமான, மூச்சு முட்டும் கதையை எப்படிச் சொல்வது? ஃபில்டர் கண்ணாடிகளின் ஓரங்களில் வண்ணம் பூசி, திரையின் இரு பக்கங்களும் இருளில் கரையும்படி செய்தார். பார்ப்பவரின் கண் நடுவில் இருக்கிறது. மனமோ அந்த இருண்ட ஓரங்களில் அலைகிறது. காமிரா காட்டும் செவ்வகப் பரப்புக்குச் சட்டகம் என்று பெயர். சட்டகத்துக்குள் ஆளே இல்லாமல் விடப்பட்ட இடமும், சட்டகத்துக்கு வெளியே நாம் பார்க்க முடியாத இடமும்தான் சூழல் திகிலில் உண்மையான வாடகைதாரர்கள் குடியிருக்கும் பகுதி.

சுருக்கமாக: ஒளி எங்கிருந்து வருகிறது, சட்டகத்தில் எது காலியாக விடப்பட்டிருக்கிறது. இந்த இரண்டையும் பார்க்கப் பழகினால் நல்ல சூழல் திகிலையும் புகை மூட்டத்தையும் பிரித்தறிந்துவிடலாம்.

## அழகு எதற்கு?

பயமுறுத்த வந்த படம் அழகாக இருக்கவேண்டிய தேவை என்ன என்பது நியாயமான கேள்வி. அழகு பயத்தைக் குறைத்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள்.

பயம் வந்தால் கண்ணை மூடத் தோன்றும். முகத்தைத் திருப்பிக்கொள்ளத் தோன்றும். நாம் மேலே பார்த்த அந்த இடைவெளியை நீட்டவேண்டுமென்றால், பார்வையாளர் கண்ணைத் திறந்து வைத்திருக்கவேண்டும். திடுக்கத்தை நம்பும் படம் ‘அடுத்து என்ன’ என்ற ஆவலால் கண்ணைப் பிடித்து வைக்கிறது. சூழல் திகில் அழகால் பிடித்து வைக்கிறது. ஒரு பக்கம் மூடச் சொல்கிறது, மறுபக்கம் பார் பார் என்கிறது. இந்த இழுபறிதான் இந்தப் படங்கள் தரும் இன்பம். அழகான காட்சிகள் மேல்பூச்சாக இருந்திருந்தால் இந்த இழுபறி நடக்காது.

தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லும்போது மருட்கை, அச்சம் இரண்டையும் அடுத்தடுத்து வைக்கிறது. மருட்கை என்றால் வியப்பு; புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் ஆகிய நான்கிலிருந்து அது பிறக்கும். அச்சத்துக்கும் நான்கு காரணங்கள்: அணங்கு, விலங்கு, கள்வர், இறை. தெய்வமும் பேயும் முதலில், மிருகம் அடுத்து, கொள்ளையர் மூன்றாவது, கடைசியில் அரசன். இன்றைய திகில் படங்களை வகைப்படுத்தினால்கூட இந்த நான்கு பெட்டிகளுக்குள் அடங்கிவிடும் என்று தோன்றுகிறது. சூழல் திகில் முதல் பெட்டியிலிருந்து அச்சத்தை எடுத்து, பக்கத்து வீட்டு மருட்கையோடு கலந்து தருகிறது.

தமிழுக்கு இந்தக் கலவை புதிதும் அல்ல. காரைக்கால் அம்மையாரின் திருவாலங்காட்டுப் பதிகத்தில் சுடுகாட்டுப் பேய் ஒன்று வருகிறது. கள்ளிச்செடியின் கவட்டில் காலை நீட்டிக்கொண்டு, எரிந்து முடிந்த கொள்ளியை எடுத்து நசுக்கி, அந்தக் கரியைக் கண்ணுக்கு மையாகத் தீட்டிக்கொள்கிறது. பிறகு வெடுக்கென்று சிரிக்கிறது. பிணம் எரிந்த கரியால் ஒப்பனை! கோரமா, அழகா என்று பிரிக்க முடியாதபடி இரண்டும் அந்த ஒரு செயலில் ஒட்டிக்கிடக்கின்றன.

அழகை எல்லை வரை கொண்டுபோனவர் ஜப்பானின் மசாகி கோபயாஷி. 1964ல் வந்த அவருடைய ‘க்வைடன்’ நான்கு பேய்க் கதைகளின் தொகுப்பு. கீழை நாட்டுக் கலை படித்தவர் அவர். பழைய விமானக் கொட்டகை ஒன்றுக்குள் ஊரையும் காட்டையும் பனிவெளியையும் கட்டி, வானத்தைத் திரைச்சீலையில் ஓவியமாகத் தீட்டினார். பனிப்பெண் கதையில் அந்த வானத்திலிருந்து பெரிய கண்கள் பார்க்கின்றன. அது வரைந்த வானம் என்பது முதல் பார்வையிலேயே தெரிகிறது, அதை மறைக்க எந்த முயற்சியும் இல்லை. அது பொய் என்று தெரிந்த பிறகும் அந்தக் கண்களிலிருந்து தப்ப இடமில்லாமல் இருக்கிறது என்பதுதான் விந்தை. நிஜம்போல் இருந்தால்தான் பயம் வரும் என்ற கொள்கைக்கு இந்தப் படம் நல்ல மறுப்பு.

## பெர்லினிலிருந்து பம்பாய், பம்பாயிலிருந்து கோடம்பாக்கம்

வரலாற்றை விரைவாகக் கடந்துவிடலாம். 1920ல் ஜெர்மனியில் வந்த ‘டாக்டர் காலிகரியின் கூண்டு’ படத்தில் சுவர்கள் கோணலாக நின்றன; நிழல்களையே வண்ணத்தால் தீட்டியிருந்தார்கள். மன நிலையைச் சுவராகவும் நிழலாகவும் மாற்றிக் காட்டும் இந்தப் பாணிக்கு வெளிப்பாட்டியம் என்று பெயர். 1922ல் முர்னாவ் எடுத்த ‘நோஸ்ஃபெராட்டு’, நிஜமான ஊர்களிலும் மலைகளிலும் படமாகி, படியேறும் நிழல் ஒன்றால் இன்றுவரை நினைவில் நிற்கிறது.

அந்த ஜெர்மானிய ஒளிப்பாணி இந்தியாவுக்கு ஆள் வடிவிலேயே வந்தது. ம்யூனிக்கிலிருந்து வந்த ஒளிப்பதிவாளர் யோசஃப் விர்ஷிங் பாம்பே டாக்கீஸில் சேர்ந்து, உலகப் போரின்போது சிறைமுகாமில் அடைபட்டு, வெளியே வந்த பின் 1949ல் கமால் அம்ரோஹியின் ‘மஹல்’ படத்துக்கு ஒளிப்பதிவு செய்தார். மாளிகை, ஊஞ்சல், நிழலில் நழுவும் மதுபாலா. அதற்குப் பிறகு வந்த இந்தியப் பேய் மாளிகைகளில் பெரும்பாலானவற்றுக்கு அஸ்திவாரம் அங்கே போடப்பட்டது.

தமிழில் 1963ல் ஸ்ரீதரின் ‘நெஞ்சம் மறப்பதில்லை’. முற்பிறவிக் காதல், பூட்டிய அறை, வயது முதிர்ந்த ஜமீன்தாராக நம்பியார், காமிராவுக்குப் பின்னால் ஏ. வின்சென்ட். மறு ஆண்டே வின்சென்ட் மலையாளத்தில் பஷீரின் கதையை வைத்து ‘பார்கவி நிலையம்’ படத்தை இயக்கினார்.

அதன் பிறகு நம் பேய்கள் சிரிக்கத் தொடங்கிவிட்டன. பேய் நகைச்சுவைப் படங்களைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. கலிங்கத்துப்பரணியில் பேய்கள் போர்க்களத்தில் கூழ் காய்ச்சிப் பரிமாறுகின்றன. அந்தக் குடும்பம் நமக்குப் பழையது. ஆனால் அதற்கும் சூழல் திகிலுக்கும் உறவு இல்லை என்பதைத் தெரிந்து பார்ப்பது நல்லது. அண்மையில் இந்தியில் 2018ல் வந்த ‘தும்பாட்’ விடாத மழையையும், மலையாளத்தில் 2024ல் வந்த ‘பிரமயுகம்’ கறுப்பு வெள்ளையையும் நம்பி, பழைய பாதைக்குத் திரும்பியிருக்கின்றன.

## மெதுவாகப் போவது, சத்தமில்லாமல் இருப்பது

‘மெதுவாகப் போகிறது’ என்ற புகாருக்குப் பதில் முன்பே வந்துவிட்டது: இடைவெளியை நீட்டவேண்டும். ஆனால் எல்லா மந்தமும் கலை ஆகிவிடாது. ஒரு காட்சி நீளும்போது பார்ப்பவருக்குத் தேடுவதற்கு ஏதாவது இருக்கவேண்டும்: இருண்ட வாசல், திரும்பாத முதுகு, தூரத்தில் அசையும் திரைச்சீலை. தேட ஒன்றுமில்லாமல் நீளும் காட்சி வெறும் நீளம்.

ஓசைக்கும் அதே விதி. பனி இறங்கிய தெருவில் ஆளைப் பார்ப்பதற்கு முன் காலடியைக் கேட்கிறோம். கண் தோற்ற இடத்தில் காது கூர்மையாகிறது. படம் அமைதியானால் அரங்கமே காதாகிவிடும். ராபர்ட் வைஸ் 1963ல் எடுத்த ‘தி ஹாண்டிங்’ படத்தில் பேய் ஒரு முறைகூடக் காட்டப்படுவதில்லை. தடித்த மரக்கதவு மூச்சு விடுவதுபோல் உள்நோக்கிப் புடைக்கிறது. வெளியே ஏதோ நடமாடும் ஓசை. போதும்.

‘மஹல்’ படத்தின் ‘ஆயேகா ஆனேவாலா’ பாடலைப் பதிவு செய்யும்போது, லதா மங்கேஷ்கர் மைக்கிலிருந்து தள்ளி நின்று பாடத் தொடங்கி, பாடிக்கொண்டே நெருங்கி வந்ததாகச் சொல்வார்கள். குரல் எங்கிருந்தோ தொடங்கி நம்மிடம் வருகிறது. ஆள் தெரியவில்லை, தூரம் மட்டும் குறைகிறது. பேயைக் காட்டாமல் பேயை நடக்கவைத்த பாட்டு அது.

## மலைக்கு ஏன் வருகிறார்கள்?

பழைய பங்களா, கணப்பு அடுப்பு, ஓட்டுக் கூரை, மதியமே இருட்டும் வானம். 2002ல் வந்த இந்திப் பேய்ப்படம் ‘ராஸ்’ ஊட்டியில் நடப்பதாக அமைந்ததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. சமவெளிக்காரருக்கு மலையே ஒரு வேற்றிடம். ஊருக்குத் திரும்ப நேரமாகும், பாதை ஒன்றுதான், எதிரே பத்தடிக்கு மேல் தெரியாது.

ஆனால் படக்குழுக்கள் நேராகப் பைன் காட்டுக்குப் போவதில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. கொடைக்கானலின் பைன் காடு கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் மனிதர் நட்டது. நேர்நேராக மரங்கள், கீழே புதர் இல்லை, காமிரா வைத்த டிராலியை எளிதாக உருட்டலாம், மரங்களுக்கு நடுவே ஒளி பட்டையாக இறங்கும். படத்துக்கு அழகு, மறுக்கவில்லை. அதை எல்லோரும் பார்த்துச் சலித்துவிட்டோம். சோலைக்காடு அப்படி அல்ல. குட்டையான, முறுக்கிக்கொண்ட மரங்கள், கிளை முழுவதும் பாசி, கையெட்டும் தூரத்துக்கு மேல் பார்வை போகாது. பின்னொளி வைக்க இடமில்லை, காமிராவைத் திருப்ப இடமில்லை. பைன் காட்டில் பேய் மரத்துக்குப் பின்னால் ஒளியவேண்டும். சோலையில் ஒளியவே வேண்டாம், நின்றாலே தெரியாது. படக்குழுக்கள் சோலைக்குள் போகாததற்கு, பாதுகாக்கப்பட்ட வனம் என்பதால் உள்ளே படப்பிடிப்புக்கு எளிதில் அனுமதி கிடைக்காததும் ஒரு காரணம். காட்டுக்கு அதுவே நல்லது. சோலையின் ஓரத்தில் நின்று உள்ளே பார்ப்பதாக ஒரு காட்சி வைத்தாலே போதும் என்று எந்த இயக்குநராவது யோசித்தால் சரி.

## பார்க்கத் தொடங்குகிறவருக்கு

முதலில் மொபைலை ஒதுக்குங்கள். சிறு திரையில் சட்டகத்தின் ஓரங்கள் காணாமல் போய்விடுகின்றன. இந்தப் படங்களில் ஓரங்களில்தான் விஷயம் இருக்கிறது. டி.வி.யில் பார்ப்பதானால், கடையில் பளிச்சென்று காட்டுவதற்காக வைக்கப்பட்ட ‘விவிட்’ முறையை மாற்றிவிடுங்கள். அது கறுப்பைச் சாம்பலாக்கும், சாம்பலை நீலமாக்கும். அசைவை மென்மையாக்குவதாகச் சொல்லிச் சினிமாவை சீரியல்போல் காட்டும் அமைப்பையும் அணைத்துவிடுங்கள். அறை இருட்டாக இருக்கட்டும், ஆனால் கடும் இருட்டு வேண்டாம். திரைக்குப் பின்னால் ஒரு சிறு விளக்கு இருந்தால் கண் சோராது.

‘கேட் பீப்பிள்’ 73 நிமிடம்தான், அதில் தொடங்கலாம். அடுத்து ‘தி இன்னசன்ட்ஸ்’. இவற்றுக்குப் பிறகு ‘நெஞ்சம் மறப்பதில்லை’யை மறுபடி பார்த்தால் வின்சென்ட் விளக்கை எங்கே வைத்திருக்கிறார் என்று தேடத் தோன்றும். ‘க்வைடன்’ மூன்று மணி நேரம் ஓடும் என்பதால் ஒரே மூச்சில் பார்க்கவேண்டாம். இரவுக்கு ஒரு கதையாகப் பிரித்துக்கொள்ளலாம். மூன்றாவது கதை, பார்வையற்ற பாடகன் ஒருவன் பிவா என்ற நரம்பு வாத்தியத்தை மீட்டிக்கொண்டு இறந்தவர்களுக்குப் பாடும் கதை. அந்த இரவுக்கு மட்டும் யாரிடமாவது நல்ல ஸ்பீக்கரோ ஹெட்போனோ கடன் வாங்கிக்கொள்ளுங்கள். பிவாவின் அதிர்வு டி.வி.யின் முதுகில் இருக்கும் சிறு ஸ்பீக்கரில் சரியாக எழும்பாது.